அமெரிக்காவிலிருந்து வந்த கம்ப்ரசரை வீட்டு ஸ்டுடியோவில் பொருத்துவது எப்படி?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் வீட்டு அறை ஒன்றில் வாய்ப்பாட்டும் வீணையும் பதிவு செய்யும் நீங்கள், அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் மூலம் 1176 வகைக் கம்ப்ரசர் (உரத்த ஒலியைத் தானாகவே அடக்கும் கருவி) ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். அங்கத்திய மின்சாரத்துக்கான பெட்டி என்பதால் 230 வோல்ட்டை 115-ஆகக் குறைக்கும் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, மேசையில் இடமில்லாமல் அதைக் கம்ப்ரசரின் தலையிலேயே வைத்திருக்கிறீர்கள். 'ம்ம்ம்' என்ற உறுமல் நிற்கவில்லை. எர்த் முனையைப் பிடுங்கிவிட்டால் உறுமல் போய்விடும் என்று நண்பர் சொல்கிறார். அதைச் செய்யலாமா, பெட்டியை எப்படி இணைப்பது, குமிழ்களை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எர்த்தை எடுக்கக் கூடாது. இதில் 'ஆனால்' எதுவும் கிடையாது. உங்கள் கம்ப்ரசரின் உடல் இரும்பு. உள்ளே ஒரு கம்பியின் உறை கிழிந்து உடலைத் தொட்டால் அந்த மின்சாரத்துக்கு ஓடிப்போக ஒரு வழி வேண்டும். எர்த் இருந்தால் அந்த வழியில் ஓடி ஃபியூஸை எரிக்கும், அல்லது மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஆடியோ கேபிளின் உலோக உறை வழியாக மைக்கின் உடல் வரை வந்து காத்திருக்கும். பாடுபவர் உதடு மைக் வலையில் படும் தூரத்தில்தான் நிற்கிறார். உறுமலைப் போக்க எர்த்தைத் துண்டிக்கும் பழக்கம் மேடைக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. பழக்கம் பழையது என்பதால் அது சரியாகிவிடாது.

உங்கள் விஷயத்தில் எர்த்தைப் பிடுங்கினாலும் உறுமல் போகாது என்றே நினைக்கிறேன். சந்தேகம் முழுக்க அந்த டிரான்ஸ்ஃபார்மர் மேல்தான். 1176 வகைப் பெட்டிகள் பலவற்றில் ஒலி நுழையும் இடத்திலோ வெளியேறும் இடத்திலோ, சிலவற்றில் இரண்டிலுமே, சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதற்கு இரண்டு அங்குலம் மேலே ஒரு பெரிய மின்சார டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால், பெரியதன் காந்தப்புலம் சிறியதற்குள் 50 ஹெர்ட்ஸ் உறுமலை நேராக ஊட்டிவிடும். கம்பியே வேண்டாம், எர்த்துக்கும் இதில் பங்கில்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் தரையில், கம்பி எட்டும் அளவு தள்ளி வைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். உறுமல் பாதிக்கு மேல் குறைந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். திசையைத் திருப்பி வைத்தாலும் வித்தியாசம் தெரியும்.

அதைவிட நல்ல வழி, டிரான்ஸ்ஃபார்மரையே வீட்டைவிட்டு அனுப்புவது. கம்ப்ரசரின் பின்பக்கம் பாருங்கள். பல பெட்டிகளில் 115, 230 என்று எழுதிய சிறிய ஸ்விட்ச் இருக்கும். இருந்தால் மின்கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்விட்சை 230-க்குத் தள்ளுங்கள். கூடவே ஃபியூஸையும் மாற்ற வேண்டும். வோல்ட் இரட்டிப்பானால் கரன்ட் பாதியாகும், ஆகவே 115-க்குப் போட்ட ஃபியூஸ் 230-இல் காவலாளி வேலை செய்யாது. எந்த அளவு, எந்த வகை என்பது பெரும்பாலும் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். அதே வகைதான் வேண்டும். 'ஸ்லோ ப்ளோ' என்று போட்டிருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும். சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றும் வேலை வேண்டாம்.

ஸ்விட்ச் இல்லாவிட்டாலும் உள்ளே இணைப்பை மாற்றி 230-க்குக் கொண்டுவரும் வசதி சில பெட்டிகளில் உண்டு. அது டெக்னீஷியனின் வேலை. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கிகள் சற்று நேரம் சக்தியைப் பிடித்து வைத்திருக்கும். வால்வு போட்ட எல்ஏ-2ஏ போன்ற பெட்டிகளில் உயிருக்கே ஆபத்தான வோல்ட்டேஜ் உள்ளே நிற்கும். அவற்றின் மூடியை ஆர்வத்துக்காகத் திறக்கவே கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் இருந்தே ஆக வேண்டும் என்றால் அது எந்த வகை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 'ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்'. அதில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒரே சுருள். அந்தச் சுருளின் பொதுப்பகுதி அறுந்தால் 230 வோல்ட்டும் அப்படியே உங்கள் பெட்டிக்குள் இறங்கும். இரண்டு தனிச் சுருள்கள் உள்ள ஐசொலேஷன் வகை விலை கூடுதல், கனமும் கூடுதல், ஆனால் அதுதான் சரி. வெளிநாட்டுப் பயணத்துக்கு விற்கும் அடாப்டர்களையும் நம்ப வேண்டாம். அமெரிக்க மூன்று முனை பிளக்கை அவற்றில் செருகிவிடலாம், ஆனால் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. பெட்டியின் பின்னால் கணினிக்குப் போடுகிற மாதிரி சாக்கெட் இருந்தால், நம்மூர் மூன்று முனை பிளக் உள்ள கணினிக் கம்பியே போதும். 230-க்கு மாற்றிய பிறகுதான் அது. 115-இல் இருக்கும்போது நேரே சுவரில் செருகினால் பெட்டி போயிற்று.

சுவரில் எர்த் முனை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. பழைய வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாததை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் என்றால் பரவாயில்லை. அதிகமாக இருந்தால் பெட்டியைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் வீட்டு வயரிங்கைப் பாருங்கள்.

மின்வெட்டையும் கணக்கில் வைக்க வேண்டும். கரன்ட் போனதும் எழுந்து போய் ஸ்பீக்கர்களின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். திரும்ப வரும்போது எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெற்று ஸ்பீக்கரில் 'டமார்' என்று விழும் அடி, கோனுக்கும் நல்லதில்லை, காதுக்கும் நல்லதில்லை. சாதாரண நாளிலும் இதே ஒழுங்குதான்: முதலில் இன்டர்ஃபேஸ் (ஒலியை டிஜிட்டலாக்கிக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி), பிறகு கம்ப்ரசர், கடைசியில் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கரிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அது ஸ்கொயர் வேவ் வகை என்றால், அதன் மேல் பதிவு செய்யாதீர்கள். கம்ப்ரசரின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதில் ஓடும்போது கரகரவென்று இரையும், சூடும் ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் மெல்லிய உறுமல் மிச்சமிருந்தால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், லேப்டாப்பின் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் அதோடு போனால் குற்றவாளி சார்ஜர். கேபிள்கள் எல்லாம் பேலன்ஸ்டு வகையாக (ஒலிக்கு இரண்டு கம்பி, சுற்றி ஒரு உலோக உறை) இருக்கட்டும். அதற்கும் மசியாவிட்டால், ஆடியோ கேபிளில் பிளக்கின் 1-ஆம் எண் முனைக்குப் போகும் உறைக்கம்பியை ஒரு பக்கம் மட்டும், ஒலி போய்ச் சேரும் பக்கத்தில், துண்டித்த ஒரு கேபிளைச் செய்து வைத்துக்கொள்ளலாம். துண்டிக்கலாம் என்று நான் சொல்வது ஆடியோ கேபிளின் உறையை மட்டும்தான்.

இனி இணைப்பு. மைக்கை நேராகக் கம்ப்ரசரில் செருக முடியாது. மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய சிக்னல், கம்ப்ரசர் எதிர்பார்ப்பது லைன் அளவு. நடுவே அதைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் வேண்டும். உங்கள் இன்டர்ஃபேஸுக்குள் ப்ரீஆம்ப் இருக்கிறது, ஆனால் அதற்கும் டிஜிட்டலாக மாறும் இடத்துக்கும் நடுவே கம்ப்ரசரைச் செருக வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். 'இன்சர்ட்' என்று போட்ட ஜாக் இருந்தால் உண்டு. சிறிய இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலும் இருக்காது. அப்போது தனி ப்ரீஆம்ப் வாங்கி, மைக், ப்ரீஆம்ப், கம்ப்ரசர், இன்டர்ஃபேஸின் லைன் இன்புட் என்று வரிசைப்படுத்தலாம். அல்லது பாட்டைக் கம்ப்ரசர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, பிறகு இன்டர்ஃபேஸிலிருந்து வெளியே அனுப்பி, கம்ப்ரசர் வழியாகச் சுற்றி, புதிய டிராக்கில் வாங்கிக்கொள்ளலாம். என் யோசனை இரண்டாவது. பதிவின்போதே நசுக்கிய குரலை நிமிர்த்த எந்தக் கருவியும் கிடையாது. டேப் காலத்தில் இரைச்சலுக்கு மேலே குரலை நிறுத்த அழுத்தியே ஆக வேண்டியிருந்தது. 24 பிட்டில் அந்தக் கட்டாயம் இல்லை.

திரும்பி வரும் கேபிளில் ஒரு பொறி இருக்கிறது. இன்டர்ஃபேஸின் முன்பக்கம் எக்ஸ்எல்ஆரும் (மைக் கேபிளின் மூன்று முனை பிளக்) கால் அங்குல ஜாக்கும் சேர்ந்த துளை இருக்குமே, அதில் எக்ஸ்எல்ஆரைச் செருகினால் பொதுவாக மைக் ப்ரீஆம்புக்குப் போகும், ஜாக்கைச் செருகினால் லைன் இன்புட்டுக்குப் போகும். கம்ப்ரசரின் அவுட்புட் எக்ஸ்எல்ஆர் ஆயிற்றே என்று எக்ஸ்எல்ஆர் கேபிளையே போட்டால் லைன் அளவு சிக்னல் மைக் ப்ரீஆம்பில் விழுந்து பிசிறும். 48 வோல்ட் ஃபான்டம் (சில மைக்குகளுக்கு இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரம்) போட்டிருந்தால் அது வேறு கம்ப்ரசரின் அவுட்புட்டுக்குள் ஏறும். ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் மூன்று பட்டை ஜாக் உள்ள கேபிளை வாங்குங்கள். ஃபான்டம் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

அடுத்த பொறி இன்னும் மோசம். உங்கள் இன்டர்ஃபேஸில் அவுட்புட் இரண்டே இரண்டு என்றால், ஸ்பீக்கருக்குப் போவதும் கம்ப்ரசருக்குப் போவதும் அதே வாசல்தான். கம்ப்ரசரிலிருந்து திரும்பி வரும் ஒலியை மென்பொருளில் 'இன்புட் மானிட்டர்' போட்டுக் கேட்டால் அது மறுபடி அவுட்புட்டுக்குப் போகும், அங்கிருந்து கம்ப்ரசருக்கு, அங்கிருந்து மறுபடி உள்ளே. ஒரு நொடிக்குள் ஹெட்ஃபோனில் ஊளை கிளம்பும். இன்டர்ஃபேஸின் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானும் இதே சுழலை உண்டாக்கும், மென்பொருளில் எல்லாம் சரியாக இருந்தாலும். இரண்டையும் அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனைக் காதில் போடாமல் மேசையில் வைத்துக்கொண்டு முதல் முறை ஓட்டிப் பாருங்கள். நான்கு அவுட்புட் உள்ள இன்டர்ஃபேஸ் என்றால் மூன்றாவதைக் கம்ப்ரசருக்கென்றே ஒதுக்கிவிடலாம். மென்பொருளின் வெளிக்கருவி இன்சர்ட் வசதி தாமதத்தையும் அளந்து சரிக்கட்டிவிடும்.

ஊளையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், 1176-இன் உள்ளே இருக்கும் கெயின், அதாவது ஒலியைப் பெருக்கும் அளவு. அசல் கருவியில் அது 45 டெசிபல். வெளியே பார்த்தால் ஒலியை அடக்கும் பெட்டி, உள்ளே அது ஒரு பலமான ஆம்ப்ளிஃபையர். அவுட்புட் குமிழை யாராவது முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தால் முதல் சொல்லே காதைப் பதம் பார்த்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவுட்புட்டை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கம்ப்ரசர் காதுக்குக் காவல் என்ற எண்ணமும் வேண்டாம். உரத்த இடங்களை அது குறைக்கும், பிறகு நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துவீர்கள், கடைசியில் சராசரிச் சத்தம் முன்பைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் நயாஷ் அமைப்பு தொழிலிடங்களுக்குச் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி, 94-இல் ஒரே மணி. ஹெட்ஃபோனில் 94-ஐ எட்டுவது ஒன்றும் கடினமில்லை.

அளவு பொருந்துவதைப் பார்க்க, ஸ்பீக்கரை மியூட் செய்துவிட்டு, மென்பொருளிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை -18 டிபிஎஃப்எஸ் அளவில் (டிஜிட்டலின் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) அனுப்புங்கள். அட்டாக் குமிழை (உரத்த ஒலி வந்ததும் எவ்வளவு வேகமாக அடக்குவது என்று சொல்வது) இடப்பக்கம் கடைசிவரை திருப்பினால் 'டக்' என்று அணையும் நிலை ஒன்று உண்டு. அதில் அடக்கும் வேலை நின்றுவிடும், ஒலி மட்டும் சுற்று வழியே போய் வரும். அந்த நிலையில் திரும்பி வரும் ஒலியும் -18 ஆக இருக்கும்படி இன்புட், அவுட்புட் இரண்டையும் சரிசெய்யுங்கள். இந்த அடையாளத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் பிறகு வேலை எளிது. இன்டர்ஃபேஸில் லைன் அளவுக்கு +4, -10 என்று தேர்வு இருந்தால் +4. இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம் இருக்கிறது. தவறான பக்கம் இருந்தால் இன்புட் குமிழ் எப்போதும் ஏதோ ஓர் ஓரத்திலேயே நிற்கும்.

இப்போது குமிழ்கள். மற்றக் கம்ப்ரசர்களில் த்ரெஷோல்டு, அதாவது அடக்கம் தொடங்கும் வாசற்படி, என்று ஒரு குமிழ் இருக்கும், இதில் இல்லை. வாசற்படியின் உயரத்தை, எந்த விகிதத்தில் அடக்குவது என்று சொல்லும் ரேஷியோ பொத்தானே தீர்மானித்துவிடும், நீங்கள் இன்புட்டைக் கூட்டி ஒலியை அதற்கு மேலே ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அடக்கும். 4:1 என்றால், படிக்கு மேலே 12 டெசிபல் போன ஒலி 3 டெசிபல் மட்டுமே மேலே வெளிவரும், 9 டெசிபல் அடங்கும். அந்த 9-ஐத்தான் மீட்டரின் முள் காட்டும்.

அட்டாக், ரிலீஸ் (அடக்கியதை எவ்வளவு வேகமாக விடுவது என்று சொல்வது) இரண்டும் தலைகீழ். 7 என்பது வேகம், 1 என்பது நிதானம். மற்றப் பெட்டிகளில் பழகிய கை இங்கே தவறிப்போகும். வேகமும் சாதாரண வேகமில்லை. அமெரிக்க ஒலிப்பதிவாளர் பில் புட்னம் வடிவமைத்து 1967-இல் வெளிவந்த அசல் கருவியில் அட்டாக் 20 மைக்ரோ நொடியிலிருந்து 800 மைக்ரோ நொடி வரை, ரிலீஸ் 50 மில்லி நொடியிலிருந்து 1.1 நொடி வரை. அதாவது மிக நிதானமான அட்டாக்கே ஒரு மில்லி நொடிக்குள் முடிந்துவிடுகிறது. 'குரலுக்கு அட்டாக் 20 மில்லி நொடி வையுங்கள்' என்று எங்கேயாவது படித்திருந்தால் அது வேறு பெட்டிக்கான அறிவுரை. இதில் அந்த எண்ணே கிடையாது.

வாய்ப்பாட்டுக்கு 4 பொத்தான், அட்டாக் 2 அல்லது 3, ரிலீஸ் 4 அல்லது 5 என்று தொடங்குங்கள். பாட்டின் மிக உரத்த இடத்தை ஓடவிட்டு, முள் 3 முதல் 5 டெசிபல் வரை இறங்கும்படி இன்புட்டைக் கூட்டுங்கள். சாதாரண இடங்களில் முள் பூஜ்யத்துக்குத் திரும்பி வர வேண்டும். திரும்பாமல் கீழேயே தொங்கினால் நீங்கள் குரலின் ஏற்ற இறக்கத்தை ஒழுங்குபடுத்தவில்லை, பாட்டு முழுவதையும் நசுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

கர்நாடக சங்கீதத்துக்கென்று ஒரு சோதனை உண்டு, எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை. குரலோடு அதே மைக்கில் தம்புராவும் கொஞ்சம் விழுந்திருக்கும். பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் தம்புராவை மட்டும் கவனியுங்கள். அது மெல்லப் பொங்கி எழுந்து, குரல் வந்ததும் மறுபடி அமுங்கினால் அடக்கம் அதிகம். இன்புட்டைக் குறையுங்கள், அல்லது ரிலீஸை 3-க்குக் கொண்டுவாருங்கள். ரிலீஸ் மிக வேகமாக இருந்தால் கமகத்திலும் தெரியும்: சுரத்தின் அசைவோடு சேர்ந்து ஒலியின் அளவும் துள்ளும், பாடகர் செய்யாத ஒரு நடுக்கம் நுழைந்துவிடும். கீழ் ஸ்தாயியில் இன்னொரு தொல்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலைக்கு 10 மில்லி நொடி ஆகிறது. அட்டாக்கும் ரிலீஸும் இரண்டுமே 7-இல் இருந்தால் கம்ப்ரசர் ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகத் துரத்தத் தொடங்கும், குரல் கரகரக்கும். ஆண் குரலிலும் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்திலும் இது சட்டென்று காதில் படும்.

வீணைக்கு இந்தப் பெட்டி வேண்டாம் என்பது என் முடிவு. விரல் தந்தியை மீட்டும் அந்த முதல் கணத்தில்தான் வீணை வீணையாக இருக்கிறது. அட்டாக்கை 1-இல் வைத்தாலும் 1176 அதற்குள் வந்து அமுக்கிவிடும், மீட்டின் கூர்மை மழுங்கி, பின்னால் வரும் நாதம் மட்டும் ஊதிப் பெருத்துத் தெரியும். சினிமாப் பாட்டின் இடையே இரண்டு வரி வாசிப்புக்கு அது அழகாகக்கூட இருக்கலாம். தனி வாசிப்புக்கு, மென்பொருளில் உரத்த மீட்டுகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் குறையுங்கள். பொறுமை வேண்டும், பலன் நன்றாக இருக்கும். பெட்டிதான் வேண்டும் என்றால் ஒளியால் இயங்கும் எல்ஏ-2ஏ வகை பொருந்தும், அதன் அட்டாக் சராசரியாக 10 மில்லி நொடி.

கம்ப்ரசர் போட்டது நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்யும்போது, போட்டதும் போடாததும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். அரை டெசிபல் உரத்து ஒலித்தாலும் காது அதையே மெச்சும். முன்பு சொன்னபடி அட்டாக்கை அணைத்து வைத்து ஒப்பிட்டால் உரப்பு ஏறியிருக்கும், ஏனென்றால் அடக்கம் இல்லை. ஆகவே இரண்டு வடிவங்களையும் தனித்தனி டிராக்கில் எடுத்து, உரப்பைச் சமப்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். போடாததே நன்றாக இருந்தால் போடாததையே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி கோபித்துக்கொள்ளாது.

பழைய பெட்டி என்பதால் மீட்டரையும் சோதித்துவிடுங்கள். கால் மணி நேரம் சூடேறிய பிறகு, ஒலி எதுவும் போகாதபோது, கெயின் ரிடக்ஷன் (அடக்கும் அளவைக் காட்டும்) நிலையில் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். சற்றுத் தள்ளி நின்றால் அதைச் சரிசெய்யும் திருகு உண்டு, கையேட்டைப் பார்த்துத் திருகலாம். ஆனால் முள் ஓரிடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தாலோ, எரிந்த வாடை வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தொடமுடியாத சூடாக இருந்தாலோ அணைத்துவிட்டு டெக்னீஷியனிடம் கொடுங்கள். பல பத்தாண்டுகள் ஓடிய மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கும், அவற்றை மாற்றுவது வழக்கமான வேலைதான்.

நான்கு ரேஷியோ பொத்தான்களையும் ஒரே நேரத்தில் அழுத்தும் வித்தையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அழுத்தினால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. டிரம்ஸ் அறையின் எதிரொலியைப் பொங்கவைக்க ராக் பதிவுகளில் அதைச் செய்வார்கள். அந்த நிலையில் மீட்டரின் முள் காட்டுவதை நம்பக் கூடாது, காதை மட்டும் நம்புங்கள். உங்கள் வாய்ப்பாட்டுப் பதிவுக்கு அது தேவைப்படாது.